பிள்ளை டிவி காமெடில நடிக்குதா? பெத்தவங்க பண்ணக் கூடாத தப்புகள்

அமெரிக்கால ஒரு டிவி காமெடி ஹிட் ஆச்சுன்னா எட்டு பத்து வருஷம் ஓடும், பத்து வயசுல உள்ள போன பையன் மீசை முளைச்சுதான் வெளிய வருவான். அந்த வருஷங்கள்ல பெரியவங்க பண்ற தப்பு மட்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கு.

பெரிய தப்பு பணத்துலதான். குழந்தை நடிகர் கேரி கோல்மேன் கதைய எடுத்துக்கோங்க. 1978ல "டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்"ங்கற டிவி காமெடி ஆரம்பிச்சப்போ வயசு 10, 1986ல முடியும்போது 18, நடுவுல அமெரிக்கா மொத்தமும் அவர் முகத்த தெரிஞ்சு வச்சிருந்துது. 1989ல தன்னைப் பெத்தவங்க மேலயும் பணத்த பாத்துக்கிட்ட ஆலோசகர் மேலயும் அவரே கேஸ் போட வேண்டியதாச்சு, 1993ல 12.8 லட்சம் டாலர் தீர்ப்பாச்சு, ஆனாலும் 1999ல திவால் மனு. நடுவுல செக்யூரிட்டி கார்டு வேலையும் பாத்தார். படிக்கும்போதே மனசு கனக்குது.

இத்தனைக்கும் நடிக்கிற பிள்ளைங்க சம்பாத்தியத்த காப்பாத்த சட்டம் 1939லயே வந்துருச்சு. சாப்ளினோட நடிச்ச ஜாக்கி கூகன் சம்பாதிச்சதெல்லாம் வீட்லயே கரைஞ்சு போச்சுன்னு அவர் கோர்ட்டுக்கு போனதாலதான் கலிஃபோர்னியால அது பொறந்துது, ஆனா அதுல ஓட்டை நிறைய. 2000ல திருத்தினப்புறம்தான் பிள்ளை சம்பாதிக்கிறது பிள்ளைக்கே சொந்தம்னு ஆச்சு, மொத்த சம்பளத்துல 15% தனி அக்கவுண்ட்ல பூட்டிடணும். இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க, சட்டமே சேத்து வைக்குதேன்னு நிம்மதியா இருந்துடுறாங்க. மிச்ச 85%ல வரி, ஏஜென்ட் கமிஷன், மேனேஜர், வக்கீல்னு போய், வீட்டு லோனும் அதுலயே ஓட ஆரம்பிச்சுட்டா அப்புறம் அந்தக் குழந்தை "எனக்கு வேணாம்"னு சொல்லவே முடியாது. குடும்பச் செலவ அதோட சம்பளத்துல ஏத்தாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

"வேணாம்"ங்கறத கேக்காம விடறது அடுத்த தப்பு. "டூ அண்ட் எ ஹாஃப் மென்"ங்கற காமெடி 2003ல வந்துது, அதுல சின்னப் பையனா நடிச்ச ஆங்கஸ் ஜோன்ஸ் 2012ல 19 வயசுல "இந்த ஷோவ பாக்காதீங்க"ன்னு வீடியோல சொன்னார், அப்புறம் காலேஜுக்கு போயிட்டார். ஒன்பது பத்து வயசுல போட்ட அக்ரிமென்ட், அதுக்கப்புறம் ஒவ்வொரு சீசனுக்கும் பிள்ளைய தனியா உக்கார வச்சு கேக்கணும், செட்ல இல்ல, வீட்டு சமையக்கட்டுல.

ஸ்டூடியோ டீச்சர, அதாவது செட்லயே பிள்ளைக்கு பாடம் சொல்லிக் குடுத்து அதோட நலனயும் பாத்துக்கிற டீச்சர, தொல்லையா பாக்காதீங்க. கலிஃபோர்னியால 9 வயசுல இருந்து 16 ஆகுற வரைக்கும், ஸ்கூல் நாள்ல 5 மணி நேரம் வேலை, 3 மணி நேரம் படிப்பு, அந்தப் படிப்பும் பல நேரம் இருபது இருபது நிமிஷமா பிச்சுப் பிச்சுதான் நடக்கும், பாதி கணக்குல கூப்பிட்டுருவாங்க. பிள்ளைக்கு ஆகாதுன்னா ஷூட்டிங்க விட்டு வெளிய கூட்டிட்டு வர்ற அதிகாரம் அந்த டீச்சருக்கு இருக்கு. "இன்னொரு டேக்தானே மேடம்"னு நீங்களே போய் நிக்காதீங்க.

உடம்பு விஷயமும் பாருங்க. கோல்மேனுக்கு சின்ன வயசுலயே கிட்னி கோளாறு, மருந்தும் சேந்து வளத்திய நிறுத்திடுச்சு, 4 அடி 8 அங்குலம்தான். சேனலுக்கு அது வசதியாப் போச்சு, அந்த ஆளுக்கு இல்ல. சாகற வரைக்கும், 42 வயசு வரைக்கும், ஜனங்க அவர்கிட்ட "வாட்சு டாக்கின் பவுட், வில்லிஸ்?" (என்ன பேசற வில்லிஸ்?)னு ஷோல வர்ற அந்த ஒரு டயலாக்கதான் கேட்டாங்க.

உங்க பிள்ளைகிட்டயும் செருப்புக் கடையில நிக்கும்போது யாராச்சும் போனத் தூக்கிக்கிட்டு "அந்த டயலாக் ஒரு தடவ சொல்லுப்பா"ன்னு வருவாங்க. அவனப் பாத்து "சொல்லுடா கண்ணா"ன்னு சொல்லாதீங்க. "இன்னைக்கு அவன் வேலைல இல்லீங்க"ன்னு நீங்க சொல்லிட்டு, வாங்க வந்த செருப்ப வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க.