யாருடைய பாதம்? ஜாவானிய மரபு அளவுகளைக் கையாளும் முறை

ஜாவாவின் மரபு அளவுகளைக் கற்கத் தொடங்குபவர்கள், ஒவ்வோர் அளவுக்கும் இத்தனை சென்டிமீட்டர் என்றொரு பட்டியலைத்தான் முதலில் தேடுகிறார்கள். அந்தத் தேடலைக் கைவிடுவதே முதல் படி. விரற்கடையாகிய ‘ஞாரி’, சாணாகிய ‘கிலன்’, முழமாகிய ‘அஸ்தா’, இரு கைகளையும் விரித்த நீளமான ‘தெபா’, பாத நீளமான ‘பெச்சாக்’ ஆகியவை அனைத்தும் மனித உடலிலிருந்து எடுக்கப்படுபவை. ஆகவே யாருடைய உடல் என்று முதலில் கேட்க வேண்டும்.

வீடு கட்டுவதில் இதற்கு விடை வீட்டுக்காரரின் பாதம். அவருடைய பாத நீளத்தை ஒரு மூங்கில் கழியில் குறித்துக்கொண்டு, தூண்களின் மேல் அமரும் ‘பிளாண்டார்’, ‘பெங்ஙெரெட்’ என்னும் உத்தரங்களை அதனால் அளக்க வேண்டும். கிடைத்த எண்ணை ஸ்ரீ, கித்ரி, கானா, லியு, போகா என்ற ஐந்து சொற்களால் சுற்றிச் சுற்றி எண்ணி, கடைசியில் எந்தச் சொல்லில் முடிகிறது என்று பார்க்க வேண்டும்; ஐந்தால் வகுத்து மீதியைப் பார்த்தாலும் இதே விடைதான். நெல்லின் தேவியான தேவி ஸ்ரீயை நினைவூட்டும் ‘ஸ்ரீ’ வசிக்கும் வீட்டுக்கும், ‘கித்ரி’ விருந்தினரை வரவேற்கும் பெண்டோபோ மண்டபத்துக்கும், ‘போகா’ நெற்களஞ்சியத்துக்கும் உரியவை என்பது பரவலான வழக்கு.

ஓர் எடுத்துக்காட்டு: வீட்டுக்காரரின் பாதம் 25 சென்டிமீட்டர் என்றால், 4 மீட்டர் உத்தரம் 16 பெச்சாக் ஆகும், மீதி 1, அதாவது ஸ்ரீ. அதே உத்தரத்தை 27 சென்டிமீட்டர் பாதமுடைய ஒருவருக்குப் பொருத்தினால் எண் முழுமையாகவே வராது. அவருக்கும் அதே 16 பெச்சாக்கில் ஸ்ரீ அமைய வேண்டுமானால் நீளம் 4.32 மீட்டராக வேண்டும். அளவு மரத்தில் இல்லை, மரத்துக்கும் மனிதருக்கும் உள்ள உறவில் இருக்கிறது என்பதை இந்த 32 சென்டிமீட்டர் வேறுபாடு காட்டிவிடுகிறது. எனவே மீட்டருக்கு மாற்றுவதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். கெர்தா, யாசா, சண்டி, ரோகோ, செம்போயோங் என்ற வேறோர் ஐந்து சொற்களும் உண்டு. இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

பழமொழிகளில் அளவுச் சொல் வரும்போது எண்ணாக மாற்றவே வேண்டாம். ‘சதுமுக் பாதுக், சஞாரி பூமி’ என்பதில் முன்னொட்டாகிய ‘ச’ ஒன்று என்பதைக் குறிக்கும். நெற்றியில் பட்ட ஒரு விரல் தொடுதலுக்காகவும் ஒரு விரற்கடை நிலத்துக்காகவும் உயிரையும் கொடுப்பார்கள் என்பது அதன் கருத்து. நெற்றி இங்கே மனைவியின் மானத்தைச் சுட்டுகிறது. அதுபோலவே, புதைகுழியின் ஆழத்தைச் சொல்லும் ‘சதெதெக் சபெங்ஙாவே’ என்பது, ஒருவர் நின்று கையை மேலே உயர்த்தினால் எட்டும் உயரம்.

நிலப்பரப்பில் மட்டும் நிலையான எண்கள் உண்டு, ஏனெனில் அங்கே டச்சு ஆட்சியின் நில அளவை நுழைந்துவிட்டது. தோள் என்று பொருள்படும் ‘பாவு’ சுமார் 7,096 சதுர மீட்டர். அதில் ஐந்நூற்றில் ஒரு பங்கு ‘உபின்’. மத்திய ஜாவாவின் பன்யுமாஸ் பகுதியில் வயலை இன்றும் உபினில் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; அங்கே 100 உபின் என்று கேட்டால் 14 ஆல் பெருக்கி, ஏறத்தாழ 1,400 சதுர மீட்டர் என்று கொள்ளலாம்.