உப்புக்காற்று ஊரில் சின்ன சப்வூஃபர் வாங்குவது எப்படி

சப்வூஃபர், அதாவது பாட்டின் தாழ்ந்த ஒலியான பேஸை மட்டும் கொடுக்கிற ஸ்பீக்கர் பெட்டி, வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை வாட் வாங்கலாம்?" என்றுதான். "எந்த ரூம்ல வைக்கப் போறீங்க, எத்தனை அடி இருக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். உச்சிப்புளியில் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பழுது பார்ப்பது என் தொழில். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலோர வீடுகளிலிருந்துதான் பெட்டிகள் வருகின்றன. எது இங்கே நிற்கும், எது நிற்காது என்பது அவற்றைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். விளம்பரத் தாளில் இருப்பது வேறு, கச்சான் காற்றில் இரண்டு வருடம் இருந்த பெட்டிக்குள் இருப்பது வேறு.

முதலில் அறை. இப்போது கட்டுகிற வீடுகளில் ஹால் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு, கான்கிரீட் தளம், சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 முறை அதிர்கிற பேஸ் ஒலியின் ஓர் அலை மட்டும் ஏறக்குறைய 29 அடி நீளம். அறையே பன்னிரண்டு அடிதான். குடத்தைத் தூக்கி நடக்கும்போது தண்ணீர் தளும்புகிற மாதிரி, அந்த அலை எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே முட்டி முட்டித் தளும்பும். பன்னிரண்டு அடிச் சுவருக்கு 48 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் வீங்கும், பத்தடிச் சுவருக்கு 57 ஹெர்ட்ஸ் பக்கம். கூரையும் பத்தடி உயரம் என்றால் அதுவும் அதே 57-இல் சேர்ந்துகொள்ளும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதிலிருந்து மூன்று கட்டம் மேலே போனால் 49. ஆக, வாசிக்கிறவர் எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் வாசித்திருந்தாலும், உங்கள் ஹாலில் அந்த ஒரு சுரம் மட்டும் 'பூம்' என்று எழும்பும், பக்கத்துச் சுரம் காணாமல் போகும். கூட நூறு வாட் வாங்கினால் இது சரியாகாது. வீக்கம்தான் பெரிதாகும்.

அதே கான்கிரீட் அறையில் ஒரு நன்மையும் உண்டு. சுவர் கனமாக இருப்பதால் மிகத் தாழ்ந்த ஒலி வெளியே கசியாமல் உள்ளேயே தங்கிப் பலம் பெறும். அதனால்தான் சின்ன அறைக்குச் சின்ன பெட்டி போதும் என்று அடித்துச் சொல்கிறேன். ஓலை வேய்ந்த கொட்டகையில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இது பொருந்தாது. ஓலை வழியாகப் பேஸ் அப்படியே வெளியே போய்விடும். தகரக் கூரை என்றால் தகடு நடுங்கிப் பாட்டோடு சேர்ந்து சத்தம் போடும். கீழக்கரைப் பழைய வீடுகளில் முற்றமும் கூடமும் ஒன்றாகத் திறந்து கிடக்கும். அங்கே எட்டு அங்குலப் பெட்டி வைத்து வீட்டையே நிரப்ப முடியாது. உட்காருகிற சோபாவுக்குப் பின்னாலோ பக்கத்திலோ ஒட்டி வைத்தால், அந்த இடத்துக்கு மட்டும் நன்றாகக் கேட்கும்.

அடுத்து பெட்டியின் அளவு. ஒலிபெருக்கித் தொழிலில் ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. தாழ்ந்த பேஸ், சின்ன பெட்டி, குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். சின்ன பெட்டியில் தாழ்ந்த பேஸ் வேண்டும் என்றால் மூன்றாவதை விட்டுக்கொடுத்து, உள்ளே பெரிய ஆம்ப்ளிஃபையர் வைத்தாக வேண்டும். கேஇஎஃப் நிறுவனத்தின் கேசி62 இதற்கு நல்ல உதாரணம். இரண்டு கை நடுவே அடங்குகிற பெட்டி, ஆறரை அங்குலக் கோன் (காற்றைத் தள்ளுகிற கூம்புத் தட்டு) இரண்டு முதுகோடு முதுகாக, அவற்றைத் தள்ள 1000 வாட். எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோவில் பன்னிரண்டு அங்குலக் கோன், பெட்டி ஓரடிக்குச் சற்றுப் பெரிது, 325 வாட். இரண்டும் விலை கூடியவை. எல்லாரும் அதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. சின்ன பெட்டியில் நிஜமான பேஸ் வர எவ்வளவு வேலை தேவைப்படுகிறது என்று பாருங்கள். ஐந்தேகால் அங்குலக் கோனை ஒரு சின்ன பெட்டியில் மாட்டி, 'வீடே அதிரும்' என்று விற்கிறவர்களை அதற்கப்புறம் நம்பமாட்டீர்கள்.

கோனின் பரப்பு என்ன செய்கிறது என்றால், எட்டு அங்குலத்தைவிடப் பத்து அங்குலம் ஒன்றரை மடங்கு காற்றைத் தள்ளும், பன்னிரண்டு இரண்டே கால் மடங்கு. அதே சத்தத்தில் 80 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறங்க வேண்டும் என்றால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். சின்ன கோன் அதற்காக முன்னும் பின்னும் எகிறும், கோனை அசைக்கிற கம்பிச் சுருளான காயில் சூடேறும், கடைசியில் கருகும். என் மேசைக்கு வருகிற கருகின காயில்களில் பெரும்பாலானவை சின்ன கோனை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஓட்டியவைதான். சாதாரண ஹாலுக்கு எட்டு அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். பத்து வைக்க இடம் இருந்தால் பத்தே வாங்குங்கள்.

வாட் பற்றிச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். பிஎம்பிஓ (ஒரு கணத்து உச்சம்) என்று பெட்டி மேல் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கிற வாட், எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் பெட்டியைத் திருப்பி, பின்தகட்டில் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 60 வாட் இழுக்கிற பெட்டி தொடர்ந்து 60 வாட்டுக்கு மேல் கொடுக்க வழியே இல்லை. இன்னொன்று, வாட் இரு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். 100-க்கும் 150-க்கும் காதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

இனி எனக்கு முக்கியமான விஷயம். உப்பு.

பெட்டிகளில் மூடியவை உண்டு, குழாய் மாதிரி ஓட்டை வைத்தவையும் உண்டு. ஓட்டை வைத்ததில் அதே காசுக்குச் சத்தம் கூட வரும், உண்மைதான். ஆனால் அந்த ஓட்டைக்கு ஒரு சுருதி உண்டு. அதற்குக் கீழே போனால் ஒலி சட்டென்று விழும், கோனும் கட்டுப்பாடு இல்லாமல் ஆடும். மூடிய பெட்டியில் ஒலி மெதுவாகத்தான் இறங்கும். கான்கிரீட் அறை கொடுக்கிற பலம் அந்த இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். இது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கு மட்டும் இன்னொரு காரணம் இருக்கிறது. வீட்டு சப்வூஃபரில் ஆம்ப்ளிஃபையர் போர்டு பெரும்பாலும் பெட்டியின் முதுகிலேயே இருக்கும். ஓட்டை வைத்த பெட்டி ஒவ்வொரு அடிக்கும் வெளிக்காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். பாம்பனில் அந்தக் காற்றில் உப்பும் ஈரமும்தான் இருக்கின்றன. அப்படி இழுத்த பெட்டியைத் திறந்தால் போர்டில் பச்சைக் களிம்பு, காலெல்லாம் அரித்த ரிலே, சில சமயம் இரண்டு பின்னுக்கு நடுவே ஒட்டிக்கிடக்கும் பல்லி. அதனால் கடலோர வீட்டுக்கு மூடிய பெட்டியைத்தான் சிபாரிசு செய்கிறேன். ஓட்டைக்குப் பதில் காந்தம் இல்லாத இன்னொரு கோன் வைத்த பெட்டிகளும் உண்டு, பேசிவ் ரேடியேட்டர் என்பார்கள். அதுவும் நல்லதே, காற்று உள்ளே போகாது. ஏற்கெனவே ஓட்டைப் பெட்டி வாங்கிவிட்டவர்கள் ஓட்டையின் வாயில் நைலான் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள், பல்லியாவது உள்ளே போகாது. இரும்பு வலை வேண்டாம்.

கோனைச் சுற்றியிருக்கும் மடிப்பு விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். ரப்பராக இருக்க வேண்டும். ஸ்பாஞ்சு விளிம்பு இந்த ஈர வெக்கையில் உதிர்ந்து மாவாகிவிடும். விரல் நுனியால் மெல்லத் தொட்டாலே வித்தியாசம் தெரியும். கோன் காகிதம் என்றால் மேலே பூச்சு இருக்கிறதா என்று கவனியுங்கள். பாலிப்ரொப்பிலீன் ஈரத்தைக் கண்டுகொள்ளாது. முன்னால் இரும்பு வலை போட்டவற்றைத் தவிர்த்துத் துணி வலை போட்டதை வாங்குங்கள். இரும்பு துருப்பிடிக்கும், துருத் தூள் காந்தத்தின் இடுக்குக்குப் போய்ச் சேரும், அப்புறம் காயில் உரசிக் 'கரகர'வென்று பாடும். அந்த இடுக்கைச் சுத்தம் செய்வது எனக்கே சிரமமான வேலை.

பெட்டிப் பலகை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஆக இருக்கட்டும். தூள் அட்டைப் பலகை சீக்கிரம் ஊதும். எம்டிஎஃபும் தண்ணீர் பட்டால் அடியிலிருந்து ஊதத்தான் செய்யும். தினமும் தரை துடைக்கிற வீட்டில் பெட்டியை இரண்டு அங்குலம் உயர்த்திக் கிரானைட் துண்டின் மேல் வையுங்கள். கோன் தரையைப் பார்த்திருக்கும் மாடல் என்றால் இதைச் செய்தே ஆக வேண்டும். தூசுக்குப் பயந்து பிளாஸ்டிக் உறை போடுகிறவர்கள் உண்டு. அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். பழைய பருத்தி வேட்டி போதும். வாரம் ஒரு தடவையாவது ஒரு மணி நேரம் ஓட விட்டால் உள்சூட்டில் ஈரம் காயும்.

கரண்ட் விஷயத்தில் கீழக்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. "காக்கா (அண்ணன்) வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்தாங்க" என்று வருகிற பெட்டிகள் அருமையாக இருக்கும். துபாய், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தவை நம் 230 வோல்ட்டிலேயே ஓடும். ஆனால் சில பெட்டிகளின் முதுகில் 115, 230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது 115-இல் இருக்கும்போது நம் பிளக்கில் செருகினால் பவர் சப்ளை அந்த நொடியே போய்விடும். சவுதியில் 127 வோல்ட் ஓடிய வீடுகள் உண்டு, அமெரிக்காவில் 120. செருகுவதற்கு முன் அந்தத் தகட்டைப் படியுங்கள். 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் கவலையே இல்லை, வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் எந்தப் பெட்டியாக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

வாங்கும்போதே இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: போர்டு போனால் யார் மாற்றித் தருவார்கள்? மிகச் சின்ன, மிகப் புத்திசாலிப் பெட்டிகளின் போர்டை ஊரில் என்னைப் போன்றவர்கள் தொட முடியாது, கம்பெனி சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். சாதாரண எட்டு, பத்து அங்குலப் பெட்டிக்குக் கோனும் காயிலும் மாற்றித் தர முடியும். பத்து வருடம் வைத்துக் கேட்க நினைக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மதுரைக்குப் போய்க் கேட்டு வாங்குவதாக இருந்தால் உங்கள் பாட்டை நீங்களே கொண்டு போங்கள். கடையில் போடுகிற வெடிச் சத்தத்தில் எதுவும் தெரியாது. எண்பதுகளின் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் ஓடிக்கொண்டே இருக்குமே, அப்படி ஒன்று. நல்ல பதிவில் தவில் ஒன்று. இரண்டையும் வீட்டில் கேட்கிற சத்தத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள். கிட்டாரின் சுரங்கள் ஒவ்வொன்றாகத் தனித்துக் கேட்க வேண்டும். தவிலில் ஓர் அடி முடிந்து அடுத்தது விழுவதற்குள் முதலாவது அடங்கியிருக்க வேண்டும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக் கைகாட்டத் தெரிந்தால், பெட்டி சரியில்லை அல்லது செட்டிங் சரியில்லை. பேஸ் பாட்டுக்குள் இருக்க வேண்டும், மூலையில் தனியாக நிற்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் வைக்கும் இடம். பெட்டியை நீங்கள் உட்காருகிற நாற்காலியிலேயே தூக்கி வைத்து, அந்தப் பேஸ் கிட்டார்ப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து, தரையோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புங்கள். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், வீக்கமும் கூடும். இந்தத் தவழும் வேலைக்குப் பிள்ளைகளை விடாமல் நீங்களே செய்யுங்கள், கேட்கப் போவது உங்கள் காது.

எந்த ஒலிக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்று பிரிக்கிற கிராஸ்ஓவர் திருகை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். கூடவே பாடுகிற மற்ற ஸ்பீக்கர்கள் மிகச் சின்னவை என்றால் 100, 120 வரை ஏற்றலாம். கோனின் தள்ளலையும் இழுப்பையும் மாற்றிப் போடுகிற ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 இரண்டிலும் போட்டுப் பார்த்து, எதில் ஆண் குரலும் பேஸும் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். சப்வூஃபரின் சத்தத் திருகான கெயினைப் பேஸ் தெரிகிற அளவுக்கு ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்கள். ராத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்குகிற வீடு என்றால் இன்னும் கொஞ்சம்.

எல்லாம் முடிந்தும் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் கேட்டால், பாட்டைப் பெட்டிக்குக் கொண்டு வருகிற ஆர்சிஏ வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பெட்டியில் கோளாறு இல்லை. அடுத்து டிவிக்குப் போகிற டிஷ் கேபிளைக் கழற்றுங்கள், பல வீடுகளில் எர்த் சுற்றிக்கொண்டு வருவது அந்த வழியாகத்தான். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கேட்டால் அது சதுர அலை இன்வெர்ட்டரின் சத்தம். எதுவாக இருந்தாலும் பிளக்கின் எர்த் பின்னை வெட்டாதீர்கள். ஹம் நிற்கலாம், ஆனால் பெட்டியின் உலோகத் தகட்டில் கரண்ட் வந்தால் அது போக வேறு வழி இருக்காது, தொடுகிறவர் உடம்பைத் தவிர. மணல் தரையில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். மாதம் ஒரு முறை இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் எடுக்கிறதா என்று டெஸ்ட் செய்துகொள்ளுங்கள்.