நீரழுத்தப் பிளப்பை ஒளியிழையால் கண்காணிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும்போது, உறைகுழாய்க்கு வெளியே பதித்த ஒளியிழைக் கேபிள் அங்கு எழும் ஓசையையும் வெப்பத்தையும் பதிவுசெய்யும். புதிதாகப் பணிக்கு வந்த இருவர் கிடைமட்டக் கிணறு ஒன்றின் அத்தகைய பதிவுகளை அலசுவதை அண்மையில் பார்த்தேன். தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளை, அதே தன்னம்பிக்கையோடு செய்துகொண்டிருந்தார்கள். இணைப்பு முனையைத் துடைக்காமல் செருகுவது போன்ற, முதல் வாரத்திலேயே திருந்திவிடும் சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒளி சென்ற தொலைவையே கிணற்றின் ஆழமாகக் கொள்ளுதல்

கருவி ஆழத்தை அளப்பதில்லை. இழைக்குள் அனுப்பிய ஒளித்துடிப்பு வழியெங்கும் சிதறித் திரும்பும் நேரத்தை அளந்து, ஒளிவிலகல் எண்ணைக் கொண்டு அதைத் தொலைவாக மாற்றுகிறது. கேபிள் இழுபடும்போது இழை அறாதிருக்க, எஃகுக் குழலுக்குள் அதைச் சற்றுக் கூடுதல் நீளமாகவே வைத்திருப்பார்கள். அந்தக் கூடுதல் 0.5 சதவீதம் என்றாலும் 4,000 மீட்டரில் 20 மீட்டர் பிசகும். கிணற்று வாயில் கேபிளைத் தட்டிப் பார்த்துத் தொடக்கப் புள்ளியைக் குறித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள்; கீழே போகப் போக வளரும் பிழையை மேலே செய்யும் ஒற்றைத் திருத்தம் தீர்க்காது.

நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்தக் கிணற்றைக் கட்டம் கட்டமாகப் பிளந்தோம். நீர் பாறைக்குள் செல்ல, ஒவ்வொரு கட்டத்திலும் 8 மீட்டர் இடைவெளியில் ஆறு துளைத் தொகுதிகளை உறைகுழாயில் வெடிவைத்துத் திறந்திருந்தார்கள். கிணற்று வாய்ப் பக்கமுள்ள இரண்டு தொகுதிகள் ஒலியே எழுப்பவில்லை. முந்தைய கட்டத்தை மூடும் அடைப்பானுக்கு அப்பால் பலத்த ஓசை கேட்டது. அடைப்பான் கசிகிறது, மேலிரண்டு தொகுதிகளுக்கு நீர் செல்லவில்லை என்று அறிக்கை எழுதினேன். அதை நம்பி அடைப்பானின் வகையை மாற்றினார்கள். அந்த இரண்டு தொகுதிகளிலும் துளைகளைக் கூட்டினார்கள். ஒன்பதாம் கட்டத்துக்கு முந்தைய இரவில் பதிவை நிறுத்த யாரோ மறந்திருந்ததால், துளையிடும் வெடிகளின் ஓசையும் பதிவாகியிருந்தது. வெடிகளைக் கம்பிவடத்தில் கட்டி இறக்கும் குழு உறைகுழாய் இணைப்புகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்த ஆழத்திலிருந்து, ஒவ்வொரு வெடியும் 17 மீட்டர் கீழே தள்ளித் தெரிந்தது. அடைப்பான் கசியவே இல்லை. ஊமை என்று நான் எழுதிய தொகுதிகள் ஏற்கெனவே போதிய நீரை வாங்கிக்கொண்டிருந்தன. கூடுதல் துளைகளால் மற்றவற்றின் பங்கையும் அவை பிடுங்கிக்கொண்டன. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, ஏனெனில் அந்த வெடியோசையைப் பதிவுசெய்ய ஒரு காசும் கூடுதலாகச் செலவாகியிருக்காது.

ஆகவே, பம்பு ஓடும்வரை காத்திராமல் வெடிக்கும் நேரத்திலேயே பதிவைத் தொடங்குங்கள்; ஒவ்வொரு கட்டத்திலும் ஆழத்தைத் திருத்துங்கள்.

கேபிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறியாமல் வெடித்தல்

துளையிடும் வெடியில் கேபிள் அறுந்தால், அதற்குக் கீழே கிணறு முழுவதும் குருடு.

கேஜ் நீளத்தைக் கண்டுகொள்ளாமை

கேஜ் நீளம் என்பது கருவி ஒவ்வோர் அளவீட்டையும் சராசரியாக்கும் இழைத்துண்டின் நீளம். துளைத் தொகுதிகளின் 8 மீட்டர் இடைவெளிக்கு 10 மீட்டர் கேஜ் நீளம் வைத்தால், அடுத்தடுத்த இரண்டு தொகுதிகள் ஒன்றாகக் குழையும்.

ஓசையின் பலத்தை நீரின் அளவாகப் படித்தல்

நீரோடு செலுத்தும் மணல் அரித்துத் துளை அகன்றால், அதே ஓட்டத்துக்கும் ஓசை குறையும்.

வெப்பத்தை விகாரமாக வாசித்தல்

விகாரம் என்பது இழை தன் நீளத்தில் எந்த விகிதத்துக்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பது. தாழ்ந்த அதிர்வெண்ணில் இந்தக் குழப்பம் எளிதில் நேரும், ஏனெனில் 1 பாகை செல்சியஸ் மாற்றம் இழையில் ஏறத்தாழ 10 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 10 பங்கு) விகாரம் போலத் தோன்றும். பக்கத்துக் கிணற்றில் பிளப்பு வந்து முட்டியதாக அறிவிக்கும் முன், அதே கேபிளிலுள்ள வெப்பத்தை அளக்கும் இழையின் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பம்பு நின்றதும் பதிவை நிறுத்துதல்

குளிர்ந்த நீரை அதிகம் வாங்கிய தொகுதி பாறையின் வெப்பத்துக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கும். அது தெரியவருவது பம்பு நின்ற பிறகுதான்.