கிளினிக் ரிசப்ஷன் வேலைக்குப் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சான்றிதழ் இருக்கும், டைப்பிங் வேகமும் இருக்கும். ஆனாலும் மதுரை அண்ணாநகர், கே.கே.நகர் பக்கம் கிளினிக்குகளில் புதிதாகச் சேர்பவர்கள் சறுக்குவது பெயர் கேட்கும் இடத்தில்தான். பாண்டியம்மாள் என்று தேடினால் திரையில் நாலு பேர் வருவார்கள். முதலில் தெரிந்ததை அமுக்கினால் ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவர் ஃபைலில் ஏறிவிடும். இனிஷியலை நம்பாதீர்கள், கல்யாணத்துக்குப் பிறகு பலருக்கு அது மாறியிருக்கும். பெயர், வயது, ஊர், செல் நம்பர் நான்கும் ஒத்துப்போக வேண்டும். "நீங்க பாண்டியம்மாதானே?" என்று கேட்பதும் தவறு. காது மந்தமானவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேரு சொல்லுங்கம்மா" என்று அவர் வாயாலேயே வரவையுங்கள்.

சுருக்கெழுத்துகளை அர்த்தம் பிரிக்காமல் மனப்பாடம் செய்வது அடுத்த தவறு. மருந்துச் சீட்டில் ஓடி (OD) என்றால் தினம் ஒரு வேளை, பிடி (BD) இரண்டு, டிடிஎஸ் (TDS) மூன்று. கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அதே ஓடி வலது கண்ணையும் குறிக்கும். ஓஎஸ் (OS) இடது, ஓயு (OU) இரண்டு கண்ணும். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் இது தெரியாமல் இன்டர்வியூவுக்குப் போகக் கூடாது. அளவிலும் கவனம் வேண்டும். தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் என்றிருப்பதை மில்லிகிராம் என்று தட்டினால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். கையெழுத்து புரியாவிட்டால் ஊகிக்காமல் டாக்டரிடமே கேளுங்கள். திட்டினால் திட்டட்டும்.

சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வருபவரிடம் "நாளைக்கு வெறும் வயித்துல வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்திருப்பார். அவர் கணக்கில் டீ சாப்பாடே இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் கூடாது, டீ, காபியும் கூடாது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தத்துக்கு 2 மணி நேரத்தை முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. காலை மாத்திரை, இன்சுலின் பற்றி நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்பதை அட்மிஷன் போடும்போதே பாருங்கள். டிஸ்சார்ஜ் நேரத்தில் கண்டுபிடித்தால் குடும்பமே கவுன்டர் முன் காத்துக் கிடக்கும்.

சேரும் முன் பயிற்சி நிலையத்தில் ஒன்றைக் கேளுங்கள்: உண்மையான ஓபி கவுன்டரில் எத்தனை நாள் உட்கார வைப்பீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் ஃபீஸ் கட்டாதீர்கள்.