கற்களுக்கு நடுவே அழுகிய யூஃபோர்பியா: சரிசெய்த விதம்

வாசல் பாறைத் தோட்டத்தில் வருஷம் முழுக்கப் பச்சையாக நின்று பூக்கட்டும் என்று குட்டை யூஃபோர்பியா என்ற சதைப்பற்றுள்ள பூச்செடி வைத்திருந்தோம். மடகாஸ்கர் இனம், கோவை வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஐப்பசி மழைதான் படுக்க வைத்தது. இலை மஞ்சளாகி, அடித்தண்டை அழுத்தினால் கொழகொழவென்று விரல் உள்ளே போனது.

கல்லைப் புரட்டினால் அடியில் வெறும் கரிசல். அதில் குழி தோண்டி ஜல்லி கொட்டச் சொல்வார்கள். தண்ணீர் வடியாத மண்ணில் அந்தக் குழியே தொட்டியாகிவிடும். அதனால் தரைக்கு மேலே முக்கால் அடி மேடு போட்டேன்: செம்மண் ஒரு பங்கு, பெருமணலும் சிப்ஸ் ஜல்லியும் சேர்ந்து இரண்டு பங்கு. கற்களை மூன்றில் ஒரு பாகம் புதைத்து, தண்ணீர் வெளியே ஓடும்படி சாய்த்தேன்.

அழுகாத கிளைகளை வெட்டி, வெட்டிய முனையைத் தண்ணீரில் நனைத்து, வடியும் பாலை நிறுத்தி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து நட்டேன். கையுறை கட்டாயம், அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தண்டைச் சுற்றி மண் தெரியாமல் ஜல்லி பரப்பினேன்.

இப்போது மழைக்காலத்தில் தண்ணீரே ஊற்றுவதில்லை. கோடையில் மட்டும் மண் நன்றாகக் காய்ந்ததும் ஊற்றுகிறேன். அதையும் மறந்தால் இலை கொட்டும்.