பள்ளி லேபில் தளம் திறக்கவில்லையா?

முதலில் திரையில் வந்த செய்தியை முழுதாகப் படியுங்கள். தளங்களை வகை பிரித்துத் தடுக்கும் பள்ளி ஃபில்டர் மறித்திருந்தால் ‘கேம்ஸ்’, ‘சாட்’ என்று பெரும்பாலும் வகையும் போட்டிருக்கும். பாடத்துக்கான தளம் தவறான வகையில் மாட்டிக்கொள்வது சகஜம். முழு முகவரி, வகை, நேரம், எந்தப் பாடத்துக்கு என்று எழுதி லேப் ஆசிரியரிடம் கொடுங்கள். ‘நெட் வரலை சார்’ என்று மட்டும் சொன்னால் அவரால் எதைத் திறந்துவிட முடியும்?

சான்றிதழ் பிழை (தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்ற எச்சரிக்கை) வந்தால் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். 2010 என்று காட்டினால் ஃபில்டர் காரணமில்லை; தேதி தவறானதால்தான் சான்றிதழ் செல்லாததாகத் தெரிகிறது. கணினியின் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

தடையைச் சுற்றிப் போக இலவச பிராக்ஸி (இடையில் நிற்கும் வேறொருவர் சர்வர்) வேண்டவே வேண்டாம். நீங்கள் தட்டும் கடவுச்சொல் அதன் வழியாகத்தான் போகிறது.

நெட் இல்லாமல் படிக்க, விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் கொண்டுவரலாம், ஆசிரியரிடம் கேட்டுவிட்டு. எஃப்ஏடி32 ஃபார்மட்டில் உள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.