பழைய வீட்டை அளக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கட்டடக்கலைப் படிப்பில் பழைய வீடு ஒன்றை அளந்து வரைந்து வரும் பயிற்சி உண்டு. இதற்குப் பல கல்லூரிகள் செட்டிநாட்டுக்கு வண்டி ஏறும். நான் கூடப் போகும்போதெல்லாம் எங்கள் செட் அடித்த அதே கூத்து நடக்கிறது. 6-ஐ 9 என்று எழுதுவதையெல்லாம் விடுங்கள், அது தானாகச் சரியாகிவிடும்.

மூலைவிட்டம் அளக்காமல் வருவது

நீளம், அகலம் எடுத்ததும் அறை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். அதே நான்கு பக்கங்களை வைத்துச் சாய்ந்த கட்டமும் வரையலாமே! மூலைக்கு மூலை ஓர் அளவு எடுத்தால்தான் அறை இரண்டு முக்கோணமாகி வடிவம் நிலைக்கும். எதிர் மூலைவிட்டம் சரிபார்க்க. சுவர் ஒரு டிகிரி விலகினாலே 10 மீட்டரில் 17 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் வீட்டில் அது எங்கே கொண்டுபோய் விடும்?

ஒரு குழு எல்லா அறைகளையும் அச்சு நீள்சதுரமாக CAD-இல் (கணினி வரைபட மென்பொருளில்) வரைந்தது. பின்கட்டு வந்து சேரவில்லை. உடனே ஒரு சுவரைத் தடிமனாக்கி இடைவெளியை மூடிவிட்டார்கள். கேட்டால், "பழைய வீடு சார், சுவர் தடிமனாத்தான் இருக்கும்" என்று பதில் வேறு. அளக்காமல் விட்டதைவிட இந்த ஒட்டுவேலைதான் இன்றும் எரிச்சல். சரி, திரும்பப் போய் அளக்கலாம் என்றால் வீட்டுக்காரர்கள் வெளியூரில். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்றால்தான் கதவு திறக்கும்.

கோணலுக்கு ஒரு காரணமும் இருக்கும். மனை தெருவோடு திரும்பியிருக்கலாம், பின்னால் ஒரு கட்டு சேர்த்திருக்கலாம். தாளில் நேராக்கிவிட்டால் அதைத் தேடவே தோன்றாது. அப்புறம் அந்த வீட்டைப் படித்து என்ன பயன்?

அறை அறையாக அளந்து கூட்டுவது

ஒவ்வொரு அளவிலும் உள்ள சின்னப் பிழை கூட்டும்போது சேர்ந்துகொள்ளும். டேப்பின் பூஜ்யத்தை ஒரு முனையில் வைத்து, நிலை, ஜன்னல், தூண் எல்லாவற்றின் அளவையும் டேப்பை எடுக்காமல் தொடர்ந்து படியுங்கள். தூணுக்குத் தூண் இடைவெளியை இடது விளிம்பிலிருந்து இடது விளிம்புக்கு எடுங்கள். நடுப்புள்ளியைத் தேட வேண்டாம்.

லேசர் அளவுகருவியை மட்டும் நம்புவது

வெயிலடிக்கும் வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதியில்) லேசரின் சிவப்புப் புள்ளி தெரியாது.

தரை மட்டமாக இருக்கும் என்று நினைப்பது

திறந்த முற்றத்தில் மழைத்தண்ணீர் வடிய வாட்டம் வைத்திருப்பார்கள். ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடியுங்கள். அதற்கு முன் குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பாருங்கள்.

வடக்கு

முதல் தாளிலேயே குறியுங்கள்.